வேட்டையில் ஏடிவி, ஜீப், ஸ்னோமொபைல்: எது சட்டம், எது நெறி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேட்டை உரிமம் எடுத்துவிட்டு, முதல் முறையாக ஏடிவியையோ (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் சிறு மோட்டார் வண்டி) ஜீப்பையோ காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள்ளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனாலும் பெரும்பாலான விதிகளுக்குள்ளே ஓடுவது ஒரே கணக்குத்தான். வண்டியை வைத்து மூன்று வேலை செய்யலாம்: போகலாம், தேடலாம், தூக்கலாம். வேட்டையிடத்துக்குப் போவதைச் சட்டம் பாதை குறித்துக் கொடுத்து அனுமதிக்கிறது. விலங்கைத் தேடுவதையும் துரத்துவதையும் தடுக்கிறது. சுட்ட விலங்கைத் தூக்கி வருவதை நிபந்தனையோடு விடுகிறது. சண்டை, வழக்கு, மனக்கசப்பு எல்லாம் அந்த நடு வேலையைச் சுற்றித்தான்.

வேட்டைக்கு ஏடிவி கொண்டுபோவது சட்டப்படி சரியா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த நிலத்தில் இந்த வண்டி ஓடலாமா? இதை முடிவு செய்பவர் நிலத்தை நிர்வகிப்பவர்: வனத்துறை, பூங்கா நிர்வாகம், தனியார் உரிமையாளர். இரண்டு, இந்த விலங்கை வேட்டையாடும்போது வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம்? இது வனவிலங்குத் துறையின் விதி. இரண்டு பக்கமும் சரி என்றால்தான் சரி. பாதை திறந்திருக்கிறது என்பதாலேயே அதில் வண்டியை உருட்டிக்கொண்டு மான் தேடலாம் என்று ஆகாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே குறிப்பிட்ட வேட்டைப் பகுதிகளில், முழு அளவு கார்கள் ஓடத் திறந்திருக்கும் சாலைகளில் மட்டுமே வண்டியைப் பெரிய விலங்கு வேட்டைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஏடிவிக்கென்று பாதை இருக்கும். கூடாரம் கொண்டுபோக, இறைச்சி கொண்டுவர அதில் ஓட்டலாம். வேட்டையாடிக்கொண்டே ஓட்டக் கூடாது. அபராதம் கட்டிவிட்டு "பாதை திறந்துதானே இருந்தது" என்று புலம்புகிறவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

ஆஃப்-ரோடு வண்டி என்றால் எதெல்லாம் கணக்கில் வரும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஏடிவி, இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்காரும் சைடு-பை-சைடு, மண்சாலை பைக், ஜீப், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் எல்லாமே. மின்சார சைக்கிளைப் பலர் சைக்கிள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அமெரிக்க வனத்துறை அதை மோட்டார் வண்டியாகத்தான் பார்க்கிறது. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் இன்னும் கடுமை. மோட்டார் மட்டுமல்லாமல் எந்திரப் போக்குவரத்தே கூடாது என்பதால், அந்த வனங்களுக்குள் மிதிக்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை, இறைச்சியை வைத்துத் தள்ளி வரும் சக்கர வண்டிக்கும் அனுமதி இல்லை. முதுகில் சுமக்கலாம், குதிரை, கோவேறு கழுதை வைத்துக்கொள்ளலாம்.

வண்டியில் உட்கார்ந்தபடியே சுடலாமா?

ஓடும் வண்டியிலிருந்து சுடுவதற்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் தடைதான். ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காக்கும் 1979-ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தம், தடை செய்யப்பட்ட வேட்டை முறைகளின் பட்டியலில் ஓடும் மோட்டார் வண்டியைச் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிட ஆணையும், தன் பட்டியலில் உள்ள பாலூட்டிகளுக்கு அதையே சொல்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொருந்தும் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மோட்டார் வண்டியிலிருந்து மானை நோக்கிச் சுடுவதும் குற்றம், வண்டியை வைத்து மானை விரட்டுவதும் குற்றம். மான்களை வழக்கமாக அடைத்து வளர்க்கும் வேலியிட்ட நிலம் மட்டும், உரியவரின் எழுத்துச் சம்மதம் இருந்தால், விலக்கு.

அமெரிக்காவில் வாத்து, காட்டுப்புறா போன்ற வலசைப் பறவைகளுக்கு மத்திய அரசின் விதி உண்டு. மோட்டார் வண்டியிலிருந்தோ அதன் உதவியாலோ அவற்றைச் சுடக் கூடாது. வண்டியை விட்டுப் பறவைகளைக் கிளப்பி அடுத்தவர் துப்பாக்கிக்கு நேராகத் திருப்பிவிடுவதும் கூடாது. இந்தக் கடைசிப் பகுதி பலருக்குத் தெரியாது. நெல் வயல் வரப்பில் நண்பர் ஏடிவியை ஓட்ட, மறுகோடியில் நீங்கள் காத்திருந்தால், சுட்டது நீங்கள்தான் என்றாலும் இருவரும் மாட்டுவீர்கள்.

விலக்குகளும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தில் தனியார் நிலத்தின் எல்லைக்குள், பொதுச் சாலையைத் தொடாமல், மான் போன்ற வேட்டை விலங்குகளை வண்டியிலிருந்தே சுடலாம். அங்கே அது வெளிப்படையான வழக்கம், இருக்கையை உயர்த்திப் பொருத்திய வண்டிகளே ஓடுகின்றன. டெக்சஸில் சரியாக இருப்பது அடுத்த மாநில எல்லையைத் தாண்டியதும் குற்றமாகிவிடலாம்.

இன்ஜினை அணைத்துவிட்டால் சுடலாமா?

சில இடங்களில் அந்தக் கோடுதான் போட்டிருக்கிறார்கள். அலாஸ்காவில் மோட்டார் நின்றிருக்க வேண்டும், அந்த மோட்டார் கொடுத்த வேகத்தில் வண்டி உருண்டுகொண்டிருக்கவும் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனை சும்மா எழுதியதில்லை. சரிவில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருண்டுபோய்ச் சுடுவது பழைய தந்திரம். அதை அடைக்கத்தான் இந்த வரி.

மற்ற பல இடங்களில் நின்ற வண்டியானாலும் இறங்கிச் சில அடி தள்ளிப் போய்த்தான் சுட வேண்டும். பொதுச் சாலையின் குறுக்காகச் சுடுவதற்குத் தனியே தடை இருக்கும். உங்கள் பகுதி விதிப்புத்தகத்தில் 'வண்டியிலிருந்து', 'வண்டியின் உதவியால்', 'சாலையிலிருந்து' என்று மூன்று தனித்தனி வரிகள் இருக்கலாம். மூன்றையும் படியுங்கள்.

நெறி என்று பார்த்தால் என் கருத்து எளிது. விலங்கைப் பார்த்தபின் இன்ஜினை அணைத்து, இறங்கி, இரண்டடி நடந்து சுடுவது சட்டத்துக்கு மாலை போட்டுவிட்டு வேட்டையைக் கைவிடுவதுதான். விலங்கைக் கண்டுபிடித்தது வண்டி. அதன் பக்கத்தில் உங்களைக் கொண்டு நிறுத்தியதும் வண்டி. உங்கள் பங்குக்கு விசையை அழுத்தியது மட்டும் மிச்சம்.

துப்பாக்கியை வண்டியில் எப்படி வைக்க வேண்டும்?

தோட்டா இல்லாமல். பல இடங்களில் உறைக்குள் போட்டு மூடியும். கனடாவின் ஒன்டாரியோவில், சிறப்பு அனுமதி இல்லாதவர் வண்டியில் லோடு செய்த துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம், சுட்டாரா இல்லையா என்ற பேச்சே இல்லை. மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு ஓட்டுவதைச் சட்டம் விட்டாலும் செய்யாதீர்கள். ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் கை தானாக ஹேண்டில்பாரைப் பிடிக்கப் போகும், துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

பொது வனத்தில் எந்தப் பாதையில் ஓட்டலாம்?

அமெரிக்காவில் இந்தக் கதை 1972-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் நிக்சன் போட்ட 11644-ஆம் எண் ஆணை, பொது நிலங்களில் ஆஃப்-ரோடு வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று பிரிக்கச் சொன்னது. மண், நீர், தாவரங்களுக்குச் சேதமும் விலங்குகளுக்குத் தொந்தரவும் குறைய வேண்டும் என்பது அதில் இருந்த அளவுகோல். 1977-இல் அதிபர் கார்ட்டர் அதை இறுக்கினார். ஆனாலும் 'தடை போடாத இடமெல்லாம் திறந்த இடம்' என்ற நடைமுறை பல காடுகளில் இன்னும் கால் நூற்றாண்டு நீடித்தது. 2005-இல் வனத்துறையின் பயண மேலாண்மை விதி அதைத் தலைகீழாக்கியது. வரைபடத்தில் குறித்த பாதையில் மட்டும் ஓட்டலாம், குறிக்காதது எல்லாம் மூடியது. அந்த வரைபடத்தை இலவசமாகத் தருகிறார்கள். பார்க்கக் கறுப்பு வெள்ளையில் அசிங்கமாக இருக்கும், மலையும் தெரியாது மரமும் தெரியாது. ஆனால் சட்டப்படி பேசுவது அதுதான். எந்த வகை வண்டி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று பாதை எண் வாரியாக அதில் இருக்கும்.

பாதையில் பலகை இல்லை என்பது சாக்கு ஆகாது. பலகையை யாராவது பிடுங்கிப் போட்டிருக்கலாம். வரைபடத்தைக் கையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

ஏற்கெனவே டயர் தடம் இருக்கிறதே, அதில் போனால் என்ன?

தடம் இருப்பதால் அது பாதை ஆகிவிடாது. முதலில் போனவர் விதியை மீறினார், இரண்டாவது ஆள் அதைத் தடம் என்று நம்பினார், பத்தாவது ஆளுக்கு அது சாலையாகவே தெரிகிறது. காட்டில் கள்ளப் பாதைகள் பிறப்பது இப்படித்தான்.

ஈரமான புல்வெளியில் இதன் விளைவைக் கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். டயர் அமுக்கிய இடத்தில் மண்ணின் துளைகள் மூடிக்கொள்கின்றன, புல் வேர் இறங்குவதில்லை. இரண்டு கோடாக விழுந்த பள்ளத்தில் மழைநீர் இறங்கி, பரவிச் செல்ல வேண்டிய தண்ணீர் வாய்க்காலாக ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு மழைக்கும் பள்ளம் ஆழமாகும். பள்ளம் ஆழமாகும்போது சுற்றியுள்ள வெளி வற்றுகிறது. அடுத்து வருகிற வண்டி சேற்றைத் தவிர்க்கப் பக்கத்தில் புதுத்தடம் போடும். மான் மேய வந்த வெளியே அந்த வேட்டைக்காரர்களால்தான் காய்கிறது. போதாததற்கு டயர் இடுக்குச் சேற்றில் களைவிதைகள் ஒட்டிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் பயணம் போகும். வண்டியை வீட்டிலேயே கழுவிவிட்டுக் கிளம்புங்கள், திரும்பி வந்ததும் இன்னொரு தடவை.

சுட்ட விலங்கை எடுத்து வர வண்டியைப் பாதையை விட்டு உள்ளே விடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. எல்க் என்னும் பெரிய மானில் வளர்ந்த ஆண் ஒன்று 300 கிலோவைத் தாண்டும். அதை யாரும் இழுத்து வர முடியாது.

2005-ஆம் ஆண்டு விதி இதற்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சட்டப்படி சுட்ட பெரிய விலங்கை எடுத்து வர மட்டும், குறிப்பிட்ட பாதைகளிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை வண்டி உள்ளே போகலாம் என்று அந்தந்த வனம் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். பல வனங்கள் அனுமதிப்பதில்லை. அரிசோனாவின் கைபாப் வனம் எல்க்குக்கு ஒரு மைல் தூரம் வரை அனுமதித்தது. மியூல் மானுக்கு இல்லை. காரணம் எளிது: மானை ஒரு ஆள் தோளில் கொண்டு வந்துவிடலாம். எந்த விலங்கு, எத்தனை தூரம், எந்தப் பாதையிலிருந்து, நிலம் ஈரமாக இருந்தாலும் உண்டா என்று எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் விடை இருக்கும்.

அனுமதி இருந்தால் நேர்க்கோட்டில் ஒரே தடவை போய் ஒரே தடவை வாருங்கள். ஓடையைக் கடக்காதீர்கள். துப்பாக்கியை எடுத்துப் போகாமலிருப்பது நல்லது, சில இடங்களில் அதுவே விதி. இல்லாவிட்டால் 'எடுக்கப் போனேன்' என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது விலங்கைத் தேடுகிறவரும் நீங்களும் வனக்காவலர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிவீர்கள்.

அனுமதி இல்லையென்றால்? இறைச்சி கெட்டுவிடும் என்ற பயம்தான் பலரை விதியை மீற வைக்கிறது. அந்தப் பயத்தில் பாதி, விலங்கைக் கூறு போடத் தெரியாததால் வருவது. செத்த விலங்கின் உடல் சூடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். தடித்த தோலும் ரோமமும் அந்தச் சூட்டை விடாது. முதலில் கெடுவது பின்னந்தொடையின் உள்பக்கம், இடுப்பு எலும்பு மூட்டைச் சுற்றிய சதை. வெளியே குளிர்ந்து தெரிந்தாலும் உள்ளே எலும்பருகே புளித்த வாடை தொடங்கிவிடும். அதனால் வண்டி வருமா வராதா என்று யோசிக்கும் நேரத்தில் கத்தியை எடுங்கள். தோலை உரித்து, நான்கு கால்களையும் பிரித்து, முதுகுச் சதையை எடுத்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் கிளையில் தொங்கவிடுங்கள். பின்தொடையை எலும்பு வரை ஒரு கீறல் கீறிவிட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். இரவு குளிர் இருந்தால் இறைச்சி காலை வரை தாராளமாகத் தாங்கும். ஓர் ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சி ஏறக்குறைய 100 கிலோ தேறும். ஒரு நடைக்கு 30 கிலோ என்றால் நண்பர் ஒருவரோடு இரண்டு நடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடுத்து வர வழியில்லாத இடத்தில் சுடாமலிருப்பதும் வேட்டைக்காரரின் கையில் உள்ளதுதான். பள்ளத்தாக்கின் அடியில் அருமையான கொம்போடு நிற்கிறது, மணி மாலை ஐந்து, நீங்கள் தனி ஆள், வெயில் காலம். அங்கே விசையை அழுத்திவிட்டு அப்புறம் வண்டிக்கு விதிவிலக்கு கேட்பதில் நியாயம் இல்லை. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விடுவது பல மாநிலங்களில் தனிக் குற்றம்.

என் சொந்த நிலத்தில்? அங்கேயும் விதி உண்டா?

பாதை விதிகள் பெரும்பாலும் பொருந்தா. வேட்டை விதிகள் பொருந்தும். விலங்கு உங்கள் நிலத்தில் நின்றாலும் அது உங்கள் சொத்து ஆவதில்லை. டெக்சஸ் போல எழுதி வைத்த விலக்கு இருந்தால் ஒழிய, வண்டியில் துரத்துவது வேலிக்கு உள்ளேயும் குற்றம்தான்.

சட்டம் தடுக்காதபோது நெறி என்று தனியாக எதற்கு?

வட அமெரிக்காவில் இதற்கு 'நியாயமான வேட்டை' என்று ஒரு பழைய கொள்கை உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் அதை வரையறுத்தது. கட்டற்றுத் திரியும் காட்டு விலங்கை, அதன்மீது முறையற்ற அனுகூலம் எடுத்துக்கொள்ளாமல், சட்டப்படி தேடி வேட்டையாடுவது என்பது அதன் சாரம். விலங்குக்குத் தப்பிக்கும் வாய்ப்பு உண்மையாகவே இருக்க வேண்டும். மோட்டார் வண்டியால் விரட்டியோ வளைத்தோ கொன்ற விலங்கை அந்தக் கழகம் தன் சாதனைப் பட்டியலில் ஏற்பதில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் பின்தங்க முடியும் என்பதற்கு 2024-இல் வயோமிங்கில் நடந்தது போதும். ஒருவர் பனியில் ஓநாய் ஒன்றை ஸ்னோமொபைலால் மோதிக் காயப்படுத்தி, வாயைக் கட்டி, உயிரோடு மதுக்கடைக்குள் கொண்டுபோய்க் காட்டினார். அப்புறம் கொன்றார். அப்போது அவருக்கு விதித்தது 250 டாலர் அபராதம், அதுவும் காட்டு விலங்கை உயிரோடு வைத்திருந்ததற்கு. மோதியதற்கு இல்லை. மாநிலத்தின் பெரும்பகுதியில் ஓநாய், பட்டியலில் 'கொன்றுண்ணி' என்ற வகையில் இருந்ததால் வேட்டை முறைக்குக் கட்டுப்பாடே இருக்கவில்லை. கோபப்பட்டுக் குரல் கொடுத்தவர்களில் வேட்டைக்காரர்களும் ஏராளம். இதில் ஆச்சரியம் இல்லை. வேட்டை என்பது கொல்வது மட்டும்தான் என்று ஆகிவிட்டால் அதற்காக வாதாட அவர்களுக்கு எதுவும் மிஞ்சாது.

விலங்குகள் வண்டிச் சத்தத்துக்குப் பழகிவிடும்தானே?

தேசியப் பூங்காவில் தினமும் நூறு கார் பார்க்கும் மான் பழகும். அங்கே யாரும் சுடுவதில்லை. வேட்டை நடக்கும் காட்டில் விலங்கு கற்றுக்கொள்வது வேறு பாடம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் வடகிழக்கில் ஸ்டார்க்கி என்ற ஆய்வுக் காடு இருக்கிறது. ஏறக்குறைய 25,000 ஏக்கரை உயரமான வேலியால் அடைத்து, எல்க், மியூல் மான் கழுத்தில் கருவி மாட்டி, ஏடிவி, மலை சைக்கிள், நடை, குதிரை என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்கள். எல்க் அதிகம் விலகிப் போனது ஏடிவியைக் கண்டுதான். அடுத்தது சைக்கிள். நடப்பவர், குதிரையில் போகிறவர் அதற்குப் பின்னால். ஏடிவி ஓடிய நேரத்தில் மேய்ச்சல் நேரமும் குறைந்தது. மியூல் மான்கள் அவ்வளவு நகரவில்லை, பதுங்கி இருந்திருக்கலாம்.

வேட்டைப் பருவம் வருவது குளிர் காலத்துக்கு முன், கொழுப்பு சேர்க்க வேண்டிய நேரத்தில். அப்போது ஓடியே தீர்த்த ஒவ்வொரு நாளும் பனிக்காலக் கையிருப்பிலிருந்துதான் கழியும். இன்னொரு பக்கம், விலங்குகள் சாலை இல்லாத சரிவுகளுக்கும் வேட்டைக்கு அனுமதி தராத தனியார் நிலங்களுக்கும் போய் ஒதுங்கிக்கொள்கின்றன. "இந்த வருஷம் காட்டில் எல்க்கே இல்லை" என்று வண்டியில் சுற்றியபடியே சலித்துக்கொள்பவரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

மின்சார வண்டி சத்தமே போடாது. அதுகூடவா கூடாது?

விதியில் 'மோட்டார்' என்றுதான் இருக்கும், சத்தம் என்று இருக்காது. ஆகவே சட்டத்தில் சலுகை கிடைக்காது. நெறியில் இது இன்னும் மோசமான கேள்வி. பெட்ரோல் வண்டியின் சத்தமாவது விலங்குக்கு ஓர் எச்சரிக்கை. சத்தமே இல்லாமல் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்தில் போய் நிற்பது யாருக்கு அனுகூலம் என்று கேட்டுப் பாருங்கள். அதிகாலையில் வேட்டையிடத்தின் ஓரம் வரை யாரையும் எழுப்பாமல் போய்ச் சேர மட்டும் என்றால், பாதை அனுமதித்தால், அதைப் போல நல்ல வண்டி இல்லை.

என் வண்டியால் மற்ற வேட்டைக்காரர்களுக்கு என்ன நஷ்டம்?

ஒருவர் விடியுமுன் இரண்டு மணி நேரம் இருட்டில் நடந்து மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் வந்து, கீழே மான்கள் காட்டோரம் வரும் நேரம். அப்போது உங்கள் ஏடிவி அந்தப் பள்ளத்தாக்கில் நுழைகிறது. அவருடைய காலைப்பொழுது முடிந்தது, உங்களுக்கும் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. விடிந்ததிலிருந்து காலை பத்து மணி வரையும், மாலையில் கடைசி இரண்டு மணி நேரமும் வண்டியை நகர்த்தாதீர்கள். போவதானால் இருட்டிலேயே போய்ச் சேருங்கள், எடுத்து வருவதை உச்சி வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர்களுக்குள் வரும் கைகலப்பு வரையிலான சண்டைகளில் பாதி, இதைச் செய்திருந்தால் வந்தே இருக்காது.

நடக்க முடியாதவர்கள் என்ன செய்வது?

இங்கே விதி தளர்கிறது, தளரவும் வேண்டும். அமெரிக்காவின் வலசைப் பறவை விதியிலேயே இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களும் கால் இழந்தவர்களும் நின்ற வண்டியிலிருந்து சுடலாம் என்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அழிவபாயப் பட்டியலில் உள்ள பெரிய விலங்குகளை வண்டியிலிருந்து வேட்டையாடத் தடை உண்டு. உடல் ஊனமுற்றவர், முதியவர் இருவருக்கும், நீண்ட தூரம் தடம் பார்த்துச் செல்வதற்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். பல அமெரிக்க மாநிலங்களில் மருத்துவரின் சான்றோடு தனி அனுமதிச் சீட்டு வாங்கலாம். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அந்த இடத்தில் போய் விளக்கம் சொன்னால் எடுபடாது. சீட்டு ஒருவர் பெயரில்தான். கூட வரும் மகனோ நண்பரோ அதே வண்டியிலிருந்து சுட்டால் அது சாதாரணக் குற்றம்.

'அப்படியானால் அவர்கள் செய்வது நியாயமான வேட்டை இல்லையா?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வண்டி என்பது கால். நின்ற வண்டியில் அசையாமல் காத்திருப்பவரும் மரத்தின் மேல் பரண் கட்டிக் காத்திருப்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

காயம்பட்ட விலங்கு ஓடுகிறது. வண்டியில் துரத்திப் பிடித்து வேதனையை முடிப்பது கருணைதானே?

எண்ணம் நல்லது, வழி தவறு. காயம்பட்ட மான் தொந்தரவு இல்லாவிட்டால் பெரும்பாலும் சற்றுத் தூரத்தில் படுத்துக்கொள்ளும். இன்ஜின் சத்தம் கேட்டால் எழுந்து ஓடும், இரத்தத் தடம் மெலியும், தேடும் தூரம் பல மடங்காகும். டயர் ஏறினால் இலையில் சொட்டியிருக்கும் இரத்தமும் மண்ணில் பதிந்த குளம்பும் அழிந்துபோகும். சுட்ட இடத்தைக் குறித்துவிட்டு, அரை மணி நேரம் பொறுத்து, நடந்து தேடுங்கள். வயிற்றில் பட்டிருந்தால் இன்னும் பல மணி நேரம் பொறுக்க வேண்டும். தடம் பிடிக்கும் நாயை அனுமதிக்கும் இடங்களில் அதுவே எல்லாவற்றையும்விட மேல். சட்டமும் பெரும்பாலும் 'காயம்பட்ட விலங்கு' என்று தனிச் சலுகை தருவதில்லை.

காட்டுப்பன்றி, கங்காரு என்றால் வண்டியில் இருந்துதானே சுடுகிறார்கள்?

ஆமாம். ஆஸ்திரேலியாவில் வணிகத்துக்காகக் கங்காரு சுடுபவர்கள் இரவில் நான்கு சக்கர வண்டியிலிருந்து விளக்கடித்துத்தான் சுடுகிறார்கள். டெக்சஸில் பெருகிவிட்ட காட்டுப்பன்றிகளை ஹெலிகாப்டரிலிருந்து சுட 2011-இல் சட்டம் இயற்றினார்கள். இவை எண்ணிக்கையைக் குறைக்கும் வேலைகள். அங்கே கேட்க வேண்டியது 'விலங்குக்கு வாய்ப்பு இருந்ததா?' என்பது இல்லை, 'உடனே செத்ததா?' என்பதுதான். குழப்பம் வருவது, அந்த வேலையின் முறையை எடுத்துக்கொண்டு வந்து இதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்கும்போது.

பாதுகாப்பு பற்றி ஏதாவது?

முன் ரேக்கில் முழு மானை ஏற்றாதீர்கள். கண்ணை மறைக்கும், கொம்பு மரத்தில் மாட்டும், ஏற்றத்திலும் சரிவிலும் எடை இடம் மாறி வண்டி கவிழும். கவிழும் ஏடிவி 300 கிலோவோடு உங்கள் மேல்தான் விழும். தாங்கும் எடை ரேக்கிலேயே எழுதியிருக்கும். ஒருவர் ஓட்டும் வண்டியில் இன்னொருவரை ஏற்றக் கூடாது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து கவிழ்ந்தே அமெரிக்காவில் 1988-இல் விற்பனை நின்றது. காய்ந்த புல்லில் வண்டியை நிறுத்தும்போது புகைக்குழாயைப் பாருங்கள், தீப்பொறித் தடுப்பான் பல காடுகளில் கட்டாயம்.

வேட்டையே தடை செய்யப்பட்ட நாட்டில்?

வண்டிப் பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான். குற்றத்துக்குப் பயன்படுத்திப் பிடிபட்ட வண்டி அரசின் சொத்தாகிவிடும் என்பது அதன் 39-ஆம் பிரிவு. கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

அபராதம்தான் அதில் சின்னது. உரிமம் பறிபோகும். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதால் ஒரு மாநிலத்தில் இழந்தால் மற்றதிலும் இழப்பீர்கள். சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-ஆம் ஆண்டு லேசி சட்டம் வரும், அது மத்திய அரசு வழக்கு. பெரிய குற்றமாக நிரூபணமானால் வண்டியும் போகலாம். சந்தேகம் இருந்தால் கிளம்புமுன் இரண்டு அலுவலகங்களுக்கும் போன் செய்யுங்கள், நிலத்துக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று. பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேறு யாராவது வண்டியில் துரத்துவதைப் பார்த்தால்?

நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள், எதிரில் இருப்பவர் கையில் துப்பாக்கி இருக்கிறது. வண்டி எண், நிறம், நேரம், எந்தத் திசையில் போனது, விலங்கு எது என்று எழுதிக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படமும் உதவும். டயர் தடத்தை மிதித்துவிடாமல் பக்கத்தில் ஒரு கையுறையையோ கத்தி உறையையோ வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். பல மாநிலங்களில் பெயர் சொல்லாமலேயே வனக்காவலருக்குத் தகவல் தர இலவச எண் இருக்கிறது. உரிமத்தோடு கிடைத்த விதிப்புத்தகத்தில் அதைத் தேடிப் பாருங்கள்.